தைக்கத் தெரியாதவர் டிசைனர் ஆகலாமா?

வரைகோடு:
எனக்கு வரைய நன்றாக வரும். கவுன், கோட் என்று நோட்டு நோட்டாக வரைந்து வைத்திருக்கிறேன். அதில் ஒன்றைப் போன மாதம்தான் முதல்முறையாக நானே வெட்டித் தைத்தேன். இடுப்போடு நிற்கும் கோட், முழுக்கை. காகிதத்தில் பறக்கப் போகிற மாதிரி இருந்தது. போட்டுப் பார்த்தால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. தூக்கினால் மொத்தக் கோட்டும் கூடவே எழுந்து வருகிறது. கையைத் தொங்கவிட்டாலோ மேற்கையில் சாய்வாக ஒரு சுருக்கம், பிழிந்த துணியை உதறாமல் விட்ட மாதிரி. சொல்லிக்கொடுப்பவரிடம் காட்டினேன். "படம் நல்லாத்தான் இருக்கு, உள்ள ஒரு ஆள் இருப்பாங்கன்றதை மறந்துட்ட" என்றார்.

இரண்டு நாளாக அதே யோசனை. வரைவது என் வேலை, தைப்பது தையற்காரர் வேலை என்று விட்டுவிடலாமா? பெரிய டிசைனர்கள் எல்லாருக்கும் தைக்கத் தெரிந்திருந்ததா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காஜா:
விடக்கூடாது. பலென்சியாகாவைப் பாருங்கள். 1895-இல் ஸ்பெயினில் ஒரு கடலோர மீனவ ஊரில் பிறந்தவர். அம்மா தைத்துத்தான் குடும்பம் நடந்தது. பையன் ஊசி பிடிக்கப் பழகியது அந்த அம்மாவிடம். 1937-இல் பாரீஸில் தொடங்கியபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, அதற்கு முன்பே தன் நாட்டில் இருபது வருடம் சொந்தத் தையலகம் நடத்தியிருந்தார். வரைவது, வெட்டுவது, கூட்டித் தைப்பது எல்லாமே கைவந்தவை. உடையின் கை சரியாக உட்காரவில்லை என்றால் முடித்த உடையிலிருந்தே அதைப் பிய்த்து எடுத்து மறுபடி பொருத்துவாராம். மற்றவர்கள் எல்லாம் வரைகிறவர்கள், இவர் ஒருவர்தான் நிஜமாக உடை செய்கிறவர் என்ற பொருளில் இன்னொரு பெரிய டிசைனரான ஷனேல் சொல்லியிருக்கிறார். ஷனேல் லேசில் யாரையும் புகழ்கிற ஆள் இல்லை.

கோட் எழுந்து வந்தால் அது தையற்காரரின் தப்பாகாது. எங்கே தப்பு என்று வரைந்தவருக்கே தெரியாவிட்டால் யாரிடம் போய் எதைத் திருத்தச் சொல்வீர்கள்?

பாபின்:
காஜா அண்ணனுக்கு எப்போதும் பலென்சியாகா ஒருவர்தான் டிசைனர். எதிர்ப்பக்கத்து ஆட்களையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்கியாபரெல்லிக்கு முறையான தையல் தெரியாது. 1927-இல் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு கறுப்புப் பின்னல் மேலாடை. கழுத்தில் வெள்ளை ரிப்பன் முடிச்சுப் போட்ட மாதிரி தெரியும், தொட்டுப் பார்த்தால் முடிச்சே இருக்காது, அது பின்னலிலேயே வந்த உருவம். பின்னிக் கொடுத்தவர் ஓர் ஆர்மீனியப் பெண். கண்ணை ஏமாற்றலாம் என்ற யோசனை மட்டும் ஸ்கியாபரெல்லியுடையது.

டியோர் ஓவியக்கூடம் நடத்தி நொடித்தவர். உடைப் படங்கள் வரைந்து விற்றுத்தான் இந்தத் துறைக்குள் வந்தார். 1947 பிப்ரவரியில் அவர் காட்டிய முதல் தொகுப்பு 'நியூ லுக்' என்று பெயர் வாங்கி, ஃபேஷனையே புரட்டிப் போட்டது.

ஜப்பானிய டிசைனர் ரேய் கவாகுபோ படித்தது கலை, இலக்கியம். துணி நிறுவனம் ஒன்றின் விளம்பரப் பிரிவில் வேலை, அப்புறம் புகைப்படங்களுக்கு உடை தேர்ந்து கொடுக்கும் வேலை. மனதில் இருந்த உடை கடையில் கிடைக்கவில்லை என்று தானே செய்விக்கத் தொடங்கினார். பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான காகித அச்சு, போடுகிறவரிடம் ஒரு காகிதத்தைக் கசக்கிக் கொடுத்து இந்த மாதிரி வேண்டும் என்றாராம். தையல் வகுப்புக்குப் போயிருந்தால் அப்படிக் கேட்கக் கூச்சப்பட்டிருப்பார் என்பது என் எண்ணம். எது முடியாது என்று தெரியாததும் ஒரு பலம்தான்.

காஜா:
அந்தக் கசங்கிய காகிதத்தை உடையாக்கியது யார்? அந்த இடம் வரும்போது மட்டும் தாண்டிப் போய்விட்டீர்களே.

டியோரிடம் மார்கெரித் காரே என்று ஒரு பெண்மணி இருந்தார். டியோர் கட்டுக்கட்டாக வரைந்து கொடுப்பார், அதைத் துணிக்குக் கொண்டுவரும் பொறுப்பு அவருடையது. முதலில் வெள்ளைக் காடாத்துணியில் தைத்து ஆள்மேல் போட்டுப் பார்ப்பார்கள், டியோர் திருத்தம் சொல்வார், மறுபடி தைப்பார்கள். தைக்காத மனிதருக்குப் பின்னால் தையலகமே இருந்தது. வரைகோடுக்கு இருப்பது ஒரு மிஷினும் ஒரு இஞ்ச் டேப்பும்.

ஊசிமுனை:
அதிலும் அந்த இஞ்ச் டேப் நீண்டுபோயிருக்கும். என்னுடையது ஒரு வருடம் என்னை ஒல்லி என்று நம்பவைத்தது.

குறுக்கிழை:
இரண்டு பேரும் சண்டை போடுங்கள். நான் பிரெஞ்சு டிசைனர் மதலேன் வியொனே பற்றிச் சொல்கிறேன், என் பாவாடைக் கதையோடு சேர்த்து.

நான் முதல் வட்டப் பாவாடை தைத்த அன்று ராத்திரியே கீழ்மடிப்பும் அடித்துவிட்டேன். தரையிலிருந்து அளவுகோல் வைத்துச் சுற்றிலும் குறித்து, ஒரு நூல் பிசகாமல் தைத்தேன். ஹேங்கரில் மாட்டிவிட்டுப் படுத்தேன். இரண்டாம் நாள் எடுத்துப் பார்த்தால் நான்கு இடத்தில் நாக்கு மாதிரி தொங்குகிறது. இரண்டு விரல் அகலத்துக்கு! என் கைதான் கோணல் என்று நினைத்துப் பிரித்து, வெட்டி, மறுபடி அடித்தேன். யாரிடமும் கேட்கவில்லை, அழுகைதான் வந்தது.

பிறகுதான் புரிந்தது. நெய்த துணியை நீளவாக்கில் ஓடும் பாவு நூல் பக்கமாக இழுத்தாலும் அகலவாக்கில் ஓடும் ஊடை நூல் பக்கமாக இழுத்தாலும் அசையாது. மூலைக்கு மூலை இழுங்கள், ரப்பர் மாதிரி வரும். நூல் நீள்வதில்லை, நூல்களுக்கு நடுவே இருக்கும் சதுரக் கட்டம் சாய்சதுரமாக மாறுகிறது. ஒரு பக்கம் நீண்டால் மறுபக்கம் ஒடுங்கும். வட்டமாக வெட்டிய பாவாடையில் அந்தக் குறுக்கு வாட்டம் நான்கு இடத்தில் நேர்க் கீழாக விழும். துணியின் சொந்த எடையே அந்த நான்கு இடத்தை இழுத்து நீட்டிவிட்டது. அதனால்தான் கிராஸாக, அதாவது குறுக்கு வாட்டத்தில், வெட்டியதை ஒரு நாளாவது தொங்கவிட்டு, அது இறங்கி முடித்த பிறகு கீழ்மடிப்பைக் குறிக்கச் சொல்கிறார்கள்.

எனக்குத் தொல்லையாகத் தெரிந்த இந்த இழுப்பையே வியொனே தன் சொத்தாக்கிக்கொண்டார். 1876-இல் பிறந்தவர், பள்ளியை விட்டுச் சின்ன வயதிலேயே தையலகத்தில் சேர்க்கப்பட்டவர், சொந்தப் பெயரில் தொடங்கும்போது 1912 ஆகிவிட்டது. அதுவரை கழுத்துப் பட்டி, கைமடிப்பு போன்ற இடங்களில் கிராஸ் துண்டு வைப்பது வழக்கம்தான். இவர் முழு உடையையே கிராஸில் வெட்டினார். டார்ட், அதாவது உடம்பு வளைவுக்காகக் கூராகப் பிடித்துத் தைக்கும் மடிப்பு, பிடிக்காமலே துணி இடுப்பில் ஒடுங்கி, கீழே விரிந்தது. அவருடைய ஆரம்ப கால உடை ஒன்றில் பேட்டர்ன் என்று சொல்ல எதுவுமே இல்லை, நான்கு சதுரத் துண்டுகள், அவ்வளவுதான். மூலை மேலே வரும்படி தொங்கவிட்டு இணைத்திருப்பார். மூலை மேலே வந்தால் குறுக்கு வாட்டம் தானாகச் செங்குத்தாகிவிடும். இதைப் படித்த அன்று நாலு கைக்குட்டையை எடுத்து ஒரு பொம்மைக்குச் சுற்றிப் பார்த்தேன். வந்தது!

வரைகோடு, உங்களுக்காக இதைச் சொல்கிறேன்: வியொனே படம் வரைந்து தொடங்குகிறவர் இல்லை. ஆள் உயரத்தில் பாதி இருக்கும் மரப் பொம்மை ஒன்றை வைத்துக்கொண்டு, அதன்மேல் துணியைச் சுற்றி, குண்டூசி குத்தி, வெட்டுவார். சரியாக வந்த பிறகு பெரிதாக்குவார்கள். கிராஸில் வெட்ட அகலம் போதவில்லை என்று வழக்கத்தைவிட அகலமான துணி நெய்து வாங்கினார். உடையை அவர் யோசித்ததே துணியில்தான். இன்னொரு சுவாரசியம், நகல் எடுக்கிறவர்கள் தொல்லை தாங்காமல் லேபிளில் தன் கட்டைவிரல் ரேகையைப் பதித்தார்.

வரைகோடு:
குறுக்கிழை அக்கா, கைக்குட்டையை நானும் இழுத்துப் பார்த்துக்கொண்டே தட்டுகிறேன். இத்தனை நாள் துணியைக் காகிதம் மாதிரி நினைத்திருக்கிறேன்.

ஆனால் என் கோட் கிராஸ் இல்லையே, நேர் வாட்டத்தில்தான் வெட்டினேன். அது ஏன் எழுந்து வருகிறது? கை இறுக்கமாக இருக்கிறதே என்று அக்குளில் ஒரு இஞ்ச் வெட்டியும் விட்டேன். இன்னும் மோசமாகிவிட்டது.

பழையகத்தரி:
அந்த ஒரு இஞ்சுக்காகத்தான் நான் எழுத வந்தேன் தங்கச்சி. முப்பது வருடமாகக் கோட் தைக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்வது இது. கை பிடிக்கிறது என்றதும் அக்குளைப் பள்ளமாக்குவார்கள். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு.

ஒரு கயிற்றை எடுங்கள். ஒரு முனையை முழங்கைக்கு மேலே கட்டுங்கள். மறுமுனையை அக்குளிலேயே பிடித்துக்கொண்டு கையைத் தூக்குங்கள், கயிறு இழுக்காது. இப்போது மறுமுனையை விலாவுக்குக் கீழே இறக்கிப் பிடியுங்கள், கை தொங்கும்போது கயிறு விறைப்பாக இருக்கட்டும். தூக்கினால் விலாவில் சுரீர் என்று இழுக்கும். கோட்டில் நடப்பதும் இதுதான். கதவு கீல் இருக்கும் இடத்தில்தான் திரும்பும். அக்குள் உங்கள் கீல். துணியில் கையும் உடம்பும் சேரும் இடம் அதற்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதோ அவ்வளவு சுகமாகக் கை எழும். கீழே இறக்கினால் கையோடு விலாத் துணியும், அதோடு மொத்தக் கோட்டும் கிளம்பி வரும். ஷனேலின் கோட்டுகளில் கை பொருத்தும் வளைவு உயரமாக, உடம்பை ஒட்டி இருப்பது இதற்காகத்தான். அந்த அம்மா கழுத்தில் ரிப்பனில் கத்தரி தொங்கவிட்டுக்கொண்டு, ஆள் மேலேயே கோட்டுக் கையைப் பிரித்துப் பிரித்துப் பொருத்துவார். கோட்டின் உள்விளிம்பில் சன்னமான சங்கிலி ஒன்றும் ஓடும், துணி கனத்தோடு நேராகத் தொங்க.

இரண்டாவது, கோட்டுக் கையின் மேல் மேடு, அதாவது தோளில் சேரும் வளைந்த மேல்பகுதி. அது உயரமாக இருந்தால் கை ஒடுக்கமாக அழகாகத் தொங்கும், ஆனால் தூக்க இடம் குறையும். மேட்டைத் தாழ்த்தினால் கை அகலமாகும், தாராளமாகத் தூக்கலாம், தொங்கவிட்டால் அக்குளில் மடிப்பு விழும். சட்டைக்குத் தாழ்ந்த மேடு, கோட்டுக்கு உயர்ந்த மேடு. இரண்டையும் ஒரே கையில் கேட்டால் துணி தராது.

வெட்டிய துணி வளராது, அதனால் அந்தக் கோட்டை விட்டுவிடுங்கள். காடாத்துணியில் மேல்பாகம் மட்டும் வெட்டுங்கள், இந்தமுறை வளைவைப் பழைய இடத்துக்கு மேலே அரை இஞ்ச் ஏற்றி. ஒரு கை போதும், இரண்டும் வேண்டாம்.

டிசைனர் பேச்சு ஓடுகிறதே என்பதற்காக: மெக்குவீன் பதினாறு வயதில் பள்ளியை விட்டு லண்டனில் தையற்கடைகளுக்குப் பேர்போன சாவில் ரோ தெருவில், ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்ட் கடையில் கோட் தைக்கப் பழகியவர். அப்புறம் கீவ்ஸ் அண்ட் ஹாக்ஸ், அப்புறம் நாடகத்துக்கு உடை தைக்கும் இடம். பழங்கால வெட்டுகள் எல்லாம் அங்கே கைவந்தன. சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரிக்கு அவர் போனது வேலை கேட்டு, பேட்டர்ன் வெட்டச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று. அவர்கள் மாணவராகச் சேர்த்துக்கொண்டார்கள். 1992-இல் படிப்பை முடித்தார். அவருடைய விசித்திரமான உடைகளைப் பார்க்கிறவர்கள் விசித்திரத்தைத்தான் பார்ப்பார்கள். நான் தோளைப் பார்ப்பேன்.

நூல்கண்டு:
தைக்கத் தெரிந்தால் டிசைனர் என்று பெயர் வந்துவிடுமா என்ன? ஆன் லோ பெயரை இங்கே ஒருவரும் சொல்லவில்லை.

அலபாமாவில் பிறந்த கறுப்பினப் பெண். பாட்டியும் அம்மாவும் ஊர்ப் பெரிய வீடுகளுக்குத் தைத்தவர்கள். மிச்சம் விழுந்த துணியில் பூ செய்வதுதான் குழந்தையாக இருந்தபோது அவர் விளையாட்டு, பிற்காலத்தில் அவர் உடைகளின் அடையாளமே அந்தத் துணிப்பூக்கள்தான். பதினாறு வயதில் அம்மா இறந்துபோக, ஆளுநர் மனைவிக்காக அம்மா பாதியில் விட்டிருந்த கவுன்களை இவர்தான் முடித்துக் கொடுத்தார். நியூயார்க்கில் தையல் பள்ளியில் சேர்ந்தபோது, மற்ற மாணவிகளோடு உட்காரவிடாமல் தனி அறையில் உட்காரவைத்தார்கள்.

1953 செப்டம்பரில் ஜாக்குலினுக்கும் ஜான் கென்னடிக்கும் கல்யாணம். மணப்பெண் கவுனும் தோழிகளின் கவுன்களும் ஆன் லோவின் வேலை. நாள் நெருங்க, பத்து நாள் இருக்கும்போது தையலகத்தில் குழாய் வெடித்து எல்லாம் நனைந்தது. இரண்டு மாத வேலை. மணப்பெண் கவுனும் போயிற்று, தோழிகளுடையவற்றில் பெரும்பகுதியும் போயிற்று. மறுபடி துணி வாங்கி, ஆள் சேர்த்து, அந்தப் பத்து நாளில் முடித்துக் கொடுத்தார். லாபம் வரவேண்டிய வேலையில் 2,200 டாலர் நஷ்டம். விபத்தைப் பற்றி அந்தக் குடும்பத்திடம் வாய் திறக்கவில்லை. மறுநாள் பத்திரிகைகள் கவுனை வரிக்கு வரி வர்ணித்தன, தைத்தவர் பெயரைப் பெரும்பாலும் போடவில்லை.

அந்த நனைந்த டஃபெட்டாவைத் தூக்கிப் பார்த்த நிமிஷத்தை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அந்த மாதிரிப் பட்டு ஈரமானால் தடம் லேசில் போகாது.

பாபின்:
நூல்கண்டு, இதற்கு எதிர்வாதம் என்னிடம் இல்லை. பெயர் விஷயம் வந்ததால் ஒன்று சேர்க்கிறேன்.

ஃபோர்ச்சூனியின் டெல்ஃபோஸ் கவுனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உடம்போடு வழியும் பட்டு, மேலிருந்து கீழ்வரை நூல் நூலாகக் கொசுவம். 1909-இல் காப்புரிமை வாங்கினார், ஆனால் அது அவர் மனைவி ஹென்ரியெட்டின் கண்டுபிடிப்பு, அவசரத்தில் தன் பெயரில் வாங்கிவிட்டேன் என்று அந்தத் தாளிலேயே கைப்பட எழுதி வைத்திருக்கிறார். உலகம் இன்னும் ஃபோர்ச்சூனி கவுன் என்றுதான் சொல்கிறது. அதில் ஒரு வேடிக்கை, அந்தக் கொசுவம் ஈரம் பட்டால் போய்விடும், திரும்ப ஃபோர்ச்சூனியிடமே அனுப்பித்தான் போட்டு வாங்கவேண்டியிருந்தது. அதனால் கயிறு மாதிரி முறுக்கிச் சின்னப் பெட்டியில் வைப்பார்கள்.

பல வருடம் கழித்து ஜப்பானிய டிசைனர் இஸ்ஸே மியாகே அதே கொசுவத்துக்கு வேறு வழி பிடித்தார். எல்லாரும் துணியைக் கொசுவி அப்புறம் தைப்பார்கள். அவர் வேண்டிய அளவைவிட இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாக உடையை முதலில் தைத்துவிட்டு, காகிதங்களுக்கு நடுவே வைத்துச் சூட்டில் அழுத்தினார். பாலியெஸ்டர் சூட்டில் வாங்கிய மடிப்பை விடாது, துவைத்தாலும் நிற்கும். 1993-இல் பிளீட்ஸ் பிளீஸ் என்ற பெயரில் வந்தது. அவர் முதலில் படித்தது வரைகலை. தைத்தே பழகியவருக்கு இந்த வரிசையை மாற்றத் தோன்றியிருக்குமா, சொல்லுங்கள் காஜா அண்ணா?

காஜா:
தோன்றாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மடிப்பு விழுந்த பிறகு தோள் எங்கே வரும் என்று கணக்குப் போட்டு மூன்று மடங்கு பேட்டர்ன் வெட்டிய கைக்கும் ஒரு கும்பிடு போடுங்கள்.

பாபின்:
போட்டாயிற்று.

வரைகோடு:
ஐயா, கயிறு கட்டிப் பார்த்தேன். வீட்டில் எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். அப்புறம் காடாவில் மேல்பாகம் வெட்டி, வளைவை அரை இஞ்ச் ஏற்றி, வலது கையை மட்டும் பொருத்தினேன். கையைப் பொருத்துவது இவ்வளவு வேலை என்று வரையும்போது ஒருநாளும் தோன்றியதில்லை. மேட்டின் சுற்றளவு வளைவைவிட ஒரு இஞ்சுக்கு மேல் அதிகம். இரண்டு வரிசை நீளத் தையல் ஓட்டி, நூலை மெதுவாக இழுத்து, சுருக்கம் தெரியாமல் விரலால் பரப்பி, ஆவி காட்டி அமுக்கினேன். மூன்று தடவை பிரித்தேன். நாலாவது தடவை உட்கார்ந்தது.

கை எழுகிறது! தலைக்கு மேலே தூக்கி ஃபேன் சுவிட்சைத் தட்டினேன், கோட் இடுப்பை விட்டு நகரவில்லை.

ஆனால் அந்தச் சாய்வுச் சுருக்கம் இன்னும் போகவில்லை. முதல் கோட்டில் இருந்த அதே இடத்தில், அதே மாதிரி. கை முன்னால் போகவே மாட்டேன் என்று பின்னுக்குத் திரும்பி நிற்கிறது. மேடு உயரமாகிவிட்டதா?

பழையகத்தரி:
மேடு இல்லை. கையின் விளிம்பில் நாட்ச் போட்டிருப்பீர்கள் இல்லையா, சின்ன வெட்டுக் குறி? ஒரு பக்கம் ஒன்று, ஒரு பக்கம் இரண்டு. ஒற்றைக் குறி முன்பக்கம், இரட்டைக் குறி பின்பக்கம். முன்பக்க வளைவு நன்றாகக் குடைந்திருக்கும், பின்பக்கம் கொஞ்சம் புடைத்திருக்கும். உங்கள் கோட்டில் மார்புப் பக்கம் எத்தனை குறி வந்திருக்கிறது?

வரைகோடு:
இருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

வரைகோடு:
இரண்டு.

ஊசிமுனை:
முதல் கோட்டையும் பாருங்கள்.

வரைகோடு:
அதிலும் இரண்டுதான். இரண்டு கையிலும். தையல் பிரிப்பானை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.